ஓடும் குழந்தைக்கு எதில் பணம் போடலாம்: வாக்கர், ஜமக்காளம், ஸ்ட்ரோலர், கார் இருக்கை

குழந்தை தவழ ஆரம்பித்ததும் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு பொருளைச் சிபாரிசு செய்வார்கள். சித்தப்பா வாக்கர் வாங்கி வருவதாகச் சொல்வார். பக்கத்து வீட்டு அக்கா, தன் மகனுடைய ஸ்ட்ரோலர் (குழந்தையை உட்காரவைத்துத் தள்ளும் வண்டி) மாடியில் சும்மா கிடக்கிறது, எடுத்துக்கொள் என்பார். கைப்பேசியைத் திறந்தால் பிளாஸ்டிக் வேலி, நுரைப் பாய், இடுப்பு இருக்கை என்று ஒன்று மாற்றி ஒன்று தள்ளுபடியில் வந்து நிற்கும். மாதச் சம்பளத்தில் எல்லாவற்றையும் வாங்க முடியாது. வாங்கினாலும் வைக்க இடம் கிடையாது. திருப்பூரில் இரண்டு அறை வாடகை வீட்டில் இருந்துகொண்டு, வார இறுதிகளில் கோபிசெட்டிபாளையம் பக்கம் தோட்டத்துச் சாளைக்கு (தோட்டத்து வீட்டுக்கு) போய்வருகிற எங்களுக்கு, எதை வாங்குவது எதை விடுவது என்ற பேச்சு ஓயவே இல்லை.

எங்கள் மகள் எட்டாம் மாதத்திலேயே கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்து நின்றவள். ஓரிடத்தில் இருக்கவே மாட்டாள். அப்படிப்பட்ட குழந்தை உள்ள வீட்டை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்: எட்டு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை, தவழ்ந்து, பிடித்து நின்று, ஓடத் தொடங்கும் பருவம். மடியில் சாதுவாக உட்காரும் குழந்தைக்கு இந்தக் கணக்கு வேறாக இருக்கலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துறுதுறுப்பான குழந்தையை வீட்டுக்குள் அடக்கி வைக்க வாங்கும் பொருள்களில் பாதி தேவையில்லாதவை. வாகனத்தில் ஏறும்போது அதைக் காப்பாற்றும் பொருள்கள் அத்தனையும் தேவையானவை. நம் பக்கத்து வீடுகளில் பணம் இதற்கு நேர்மாறாகச் செலவாகிறது. வாக்கர் இல்லாத வீடு அரிது. காரில் குழந்தை இருக்கை உள்ள வீடு அதைவிட அரிது.

வாக்கரா, நடைவண்டியா, வெறுந்தரையா?

உள்ளே உட்கார்ந்து காலால் உந்திக்கொண்டு போகும் வாக்கரை நான் வேண்டாம் என்கிறேன். தயங்காமல் சொல்கிறேன். கனடாவில் 2004 முதல் இதை விற்கவும் இறக்குமதி செய்யவும் விளம்பரம் செய்யவும் தடை இருக்கிறது. அமெரிக்காவின் குழந்தை மருத்துவர் சங்கம் அங்கேயும் தடை வேண்டும் என்று நெடுங்காலமாகக் கேட்டுவருகிறது. 1990 முதல் 2014 வரை அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்கு வந்த கணக்கை எடுத்துப் பார்த்தபோது, 15 மாதத்துக்கு உட்பட்ட 2,30,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் வாக்கரால் காயப்பட்டு வந்திருந்தார்கள். பத்தில் ஒன்பது காயம் தலையிலும் கழுத்திலும். நான்கில் மூன்று, படியில் உருண்டதால் வந்தது. வாக்கரில் இருக்கும் குழந்தை ஒரு நொடியில் 3 அடிக்கு மேல் போய்விடும். பக்கத்திலேயே நின்றாலும் கை எட்டாது.

நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். டைல்ஸ் தரை வழுவழுவென்று இருக்கும். ஹாலிலிருந்து வாசலுக்கு இரண்டு படி. தோட்டத்து வீடு என்றால் திண்ணை, திண்ணைக்குக் கீழே சிமெண்ட் வாசல். இதில் சக்கரம் வைத்த ஒன்றில் குழந்தையை உட்கார வைத்துவிட்டு அடுப்படிக்குப் போவது சரியில்லை. சீக்கிரம் நடக்கும் என்று சொல்லித்தான் எல்லோரும் வாங்குகிறார்கள். அந்த நம்பிக்கையும் ஆதாரமில்லாதது. தன் உடலைத் தானே தூக்கி நிறுத்திப் பழகவேண்டிய நேரத்தில் குழந்தை தொங்கிக்கொண்டு இருப்பதால், நடை தள்ளிப்போகவே வாய்ப்பு அதிகம்.

மூன்று சக்கர மர நடைவண்டி வேறு வகை. தேர்த்திருவிழாக் கடைகளில் இன்றும் கிடைக்கிறது. குழந்தை தானே எழுந்து, தன் காலில் நின்று, கைப்பிடியைத் தள்ள வேண்டும். களைத்தால் விட்டுவிட்டு உட்கார்ந்துகொள்ளும். அதனால் எனக்குப் பிடிக்கும். ஆனால் டைல்ஸ் தரையில் அதுவும் முன்னால் ஓடிவிடுகிறது, குழந்தை முகம் குப்புற விழுகிறது. எங்கள் அத்தை அதற்கு ஒரு வழி செய்தார். பழைய துணியில் ஒரு படி மணலைக் கட்டி, வண்டியின் முன் சட்டத்தில் இறுக்கி வைத்தார். சக்கரம் மெதுவாக நகர்ந்தது, மகள் பின்னாலேயே நிதானமாகப் போனாள். சொரசொரப்பான சிமெண்ட் வாசலில் அந்த எடைகூடத் தேவைப்படவில்லை. ஆள் கூடவே நிற்கும்போது மட்டும்தான் நடைவண்டி, அதுவும் பிடித்து நிற்கப் பழகிய பிறகு.

மற்ற நேரமெல்லாம் தரைதான். எதன் மேல் என்பது அடுத்த கேள்வி.

கடைகளில் விற்கும் நுரைப் பாய்கள், எழுத்தும் எண்ணும் பொருத்தும் வகையாக இருந்தால், வாங்க வேண்டாம் என்பேன். பல் முளைக்கும் குழந்தை ஓரத்தைக் கடித்துக் கடித்து ஒரு துண்டைப் பிய்த்துவிடும்; அது தொண்டையில் அடைக்கும் அளவு. கோரைப் பாய் வெயிலுக்குச் சுகமானது, கரூர், நாமக்கல் பக்கம் ஆற்றோரத்தில் விளையும் கோரையில் நெய்தது மலிவாகவும் கிடைக்கும். ஆனால் ஓரம் பிரிந்துவிட்டால் நார் நாராக வாய்க்குப் போகும். தவழும்போது முட்டியும் வழுக்கும்.

பவானி ஜமக்காளம் இந்த வேலைக்காகவே நெய்யப்பட்டதைப் போல அமைந்துவிட்டது. முரட்டு நூல், கெட்டி நெசவு, முட்டி வழுக்காது. சிறுநீர் பட்டால் அலசி மொட்டை மாடியில் போட்டால் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். வண்ணப் பட்டைகளை மகள் விரலால் தடவிக்கொண்டே போவாள். தவழத் தவழ ஜமக்காளம் சுருண்டு மடிப்பாகும் என்பது ஒரு குறை. ஒரு பக்கத்தைக் கட்டில் காலுக்கு அடியில் கொடுத்து, எதிர்ப்பக்கத்தை அலமாரிக்குக் கீழே மடித்துச் செருகிவிட்டால் நகராது. விழுந்தால் தலைக்கு மெத்தென்று இருக்காது என்பதும் உண்மைதான். அடியில் ஒரு பழைய சென்னிமலைப் போர்வையை நாலாக மடித்து விரித்தால் போதும். பிடித்து நிற்கும் குழந்தை உட்கார்ந்த உயரத்திலிருந்துதான் பெரும்பாலும் விழும்.

தரையில் விடுவது என்றால் அந்த அறையைத் தயார் செய்யவேண்டும், அதற்குச் செலவு இல்லை, உழைப்பு உண்டு. நீங்களே தரையில் குப்புறப் படுத்து, குழந்தையின் கண் உயரத்தில் அறையைச் சுற்றிப் பாருங்கள். மேலேயிருந்து தெரியாதவை எல்லாம் அப்போது தெரியும்: தொங்கும் மிக்ஸி ஒயர், சோபாவுக்கு அடியில் கிடக்கும் ரிமோட்டின் பட்டன் பேட்டரி, கதவிடுக்கு. பட்டன் பேட்டரியை விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும்; விழுங்கியிருப்பாள் என்ற சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்குப் போய்விடவேண்டும். சாமி படத்துக்குக் கீழ்த்தட்டில் இருக்கும் கற்பூர டப்பாவை மேலே ஏற்றுங்கள். கற்பூரம் கொஞ்சம் வாய்க்குப் போனாலும் சின்னக் குழந்தைக்கு வலிப்பு வரலாம். கடலைக்காய் காயப்போடும் காலத்தில் சாளையில் மூலைக்கு மூலை பருப்பு சிதறிக் கிடக்கும், முழுப் பருப்பு நாலு வயது வரை ஆகாது. எல்லாவற்றுக்கும் மேல் தண்ணீர். குளியலறை வாளியில் இரண்டு விரற்கடை தண்ணீர் போதும், தலைகுப்புற விழுந்த குழந்தையால் நிமிர முடியாது. வாளியைக் கவிழ்த்து வைக்கும் பழக்கம் வந்தே ஆகவேண்டும். தோட்டத்தில் மாட்டுத் தொட்டிக்கும் பூச்சிமருந்து வைத்த அறைக்கும் கதவோ பலகையோ போட்டே தீரவேண்டும்.

தடுப்பு வேலி யாருக்கு?

நாலு பக்கமும் வலை போட்ட விளையாட்டு வேலியை நான் முதலில் வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஓடத் துடிக்கும் குழந்தையை ஆறடிக்கு ஆறடியில் நிறுத்துவது அதற்கும் நமக்கும் வதை. ஆனால் எல்லா வீடும் ஒன்றல்ல. சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறி ஓடும் வீடுகளைப் பார்க்கிறவர்கள் இதை வேறு மாதிரி சொல்வார்கள். தறிக்கும் வீட்டுக்கும் இடையே ஒரே கதவு; தாயும் தறியில் நிற்கிறாள். அங்கே வேலி ஆடம்பரம் ஆகாது. நூல் மாற்றும் பத்து நிமிடத்துக்கு, அடுப்பிலிருந்து குக்கரை இறக்கும் நேரத்துக்கு, குழந்தை இருக்கும் இடம் நிச்சயமாகத் தெரியவேண்டும். அப்படிப்பட்ட வீட்டில் வாக்கருக்குக் கொடுக்கும் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து வேலி வாங்குவதே சரி. தச்சரை வைத்துத் தறிக் கதவுக்கு இடுப்பளவு பாதிக்கதவு ஒன்று போட்டாலும் அதே பலன், அதைவிட நீண்ட காலம் உழைக்கும். வேலிக்குள்ளேயே அரை நாள் விடுவதற்கு மட்டும் நான் ஒப்பமாட்டேன்.

தொட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை. சேலைத் தொட்டிலில் தூங்கிய குழந்தை வேறெங்கும் தூங்காது என்பார்கள், எங்கள் வீட்டிலும் அதுவே நடந்தது. ஆனால் கையை ஊன்றி எழும்பத் தொடங்கியதும் தொட்டில் முடிந்தது என்று கொள்ளவேண்டும். எட்டிப் பார்த்துக் கவிழும் குழந்தைகளை எல்லா ஊரிலும் சொல்வார்கள். அண்ணன் அக்காக்கள் ஏறித் தூரி (ஊஞ்சல்) ஆடிச் சேலை கழுத்தில் முறுக்கிக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. குழந்தை உள்ளே இல்லாத நேரத்தில் சேலையைச் சுருட்டி உயரத்தில் கட்டிவிடுவது நல்லது. தரையில் கெட்டியான, சமமான மெத்தைக்கு மாற்றினோம். ஒரு வாரம் அழுகை, பிறகு பழகிவிட்டாள்.

வெளியே போகும்போது: இடுப்பு, கேரியர், ஸ்ட்ரோலர்

இதற்கு ஒரே விடை கிடையாது, போகும் இடம்தான் முடிவு செய்யும். கோவை ரேஸ் கோர்ஸ் நடைபாதை, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளத்துக் கரைகளில் போட்டிருக்கும் நடைதளம், பெரிய துணிக்கடை, விமான நிலையம் ஆகிய இடங்களில் ஸ்ட்ரோலர் நன்றாக ஓடும். குழந்தை நம்மைப் பார்த்துக்கொண்டு வரும், தூங்கினால் சாய்த்துவிடலாம், பைகளையும் கீழ்க்கூடையில் போடலாம். கைப்பிடியில் மட்டும் பை மாட்டாதீர்கள், குழந்தையைத் தூக்கிய நொடியில் வண்டி பின்னால் சாயும். துறுதுறுப்பான குழந்தைக்கு, இரு தோளையும் இடுப்பையும் காலிடுக்கையும் சேர்த்துக் கட்டும் ஐந்து முனைப் பட்டை உள்ள வண்டிதான். இடுப்பில் மட்டும் கட்டும் பட்டை என்றால் எழுந்து நின்றுவிடும்.

ஆனால் நம் தெருக்களில்? சாக்கடைமேல் போட்ட கல் ஒன்று உயரம், ஒன்று பள்ளம். நடைபாதையில் பைக் நிற்கும். டவுன் பஸ்ஸில் ஏற வண்டியை மடக்கவேண்டும், குழந்தையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு இதைத் தனியாகச் செய்யமுடியாது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது பல்லடம், தாராபுரம், பொள்ளாச்சிப் பக்கம் நிழற்கூரையை விரித்தால் பாய்மரமாகிவிடும். பிரேக் போடாமல் கையை எடுக்கவே கூடாது. வெயிலுக்கு வண்டிமேல் துணியைப் போர்த்தும் பழக்கம் பலரிடம் உண்டு. காற்றோட்டம் நின்று உள்ளே சூடு ஏறிவிடுகிறது. நிழற்கூரை போதும், இல்லையென்றால் வெயில் தாழ்ந்து கிளம்புங்கள்.

கோவில்களுக்கு ஸ்ட்ரோலர் ஆகவே ஆகாது. மருதமலை 837 படி, சென்னிமலை 1,320 படி. மேலே போக வாகனப் பாதை உண்டு, பழனியில் விஞ்ச்சும் ரோப் காரும் உண்டு என்றாலும், பிரகாரத்துக்குள் படி, வாசல், கூட்டம் தவிர்க்க முடியாதது. இங்கேதான் குழந்தையை நம் உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொள்ளும் பேபி கேரியர் தன் மதிப்பைக் காட்டுகிறது. இரண்டு கையும் சும்மா இருக்கும். குழந்தை நம் நெஞ்சோடு ஒட்டி இருப்பதால் கூட்டத்தில் பயப்படாது. நசநசவென்று அசையும் குழந்தைகூட நாம் நடக்கத் தொடங்கினால் சாய்ந்துவிடும்.

வாங்கும்போது அடிப்பாகத்தின் அகலத்தைப் பாருங்கள். தொடை முழுவதும் தாங்கப்பட்டு, முட்டி பிட்டத்தைவிடச் சற்று உயரமாக இருக்கவேண்டும். கால் இரண்டும் நேராகத் தொங்கும் வகை இடுப்பு மூட்டுக்கு நல்லதல்ல. குழந்தையின் முகம் எப்போதும் தெரியவேண்டும், குனிந்தால் நெற்றியில் முத்தமிடும் உயரத்தில் இருக்கவேண்டும், தாடை மார்பில் பதியக் கூடாது. முகத்தை வெளிப்பக்கம் வைத்துக் கட்டியிருந்தால் தூங்கியவுடன் உட்பக்கம் திருப்பிவிடுங்கள். இரண்டு உடம்பு ஒட்டிக்கொண்டிருப்பதால் சூடு அதிகம் என்பது இதன் பெரிய குறை. கரூர், ஈரோடு சித்திரை வெயிலில் உச்சிப்பொழுது கேரியர் கட்டுவது இருவருக்கும் தண்டனை. வலைத்துணி வைத்த வகையை எடுத்து, குழந்தைக்கு மெல்லிய பனியன் துணிச் சட்டை ஒன்று மட்டும் போட்டு, காலையிலோ பொழுது சாய்ந்தோ போவதுதான் வழி. திருப்பூரில் இருந்துகொண்டு பருத்திப் பனியன் துணிக்குப் பஞ்சம் சொல்ல முடியாது.

இடுப்பைப் பற்றியும் சொல்லவேண்டும், அதற்குக் காசு இல்லை, நம் அம்மிச்சிகள் அத்தனை பேரும் அப்படித்தான் தூக்கினார்கள். இறங்கவும் ஏறவும் ஒரே நிமிடம். இறக்கிவிட்டால் ஓடும், தூக்கினால் இறங்கத் துடிக்கும் வயதில், பட்டை கட்டிக் கழற்றிக்கொண்டிருக்க முடியாது. குறைந்த தூரத்துக்கு இடுப்பே சிறந்தது. கொஞ்ச நேரத்தில் இடுப்பு ஒரு பக்கம் இழுக்கும், ஒரு கை கட்டுண்டுபோகும். அந்த வலிக்கு இடுப்பு இருக்கை உதவுகிறது: அகலப் பெல்ட்டில் ஒரு சின்னத் திண்டு, குழந்தை அதில் உட்காரும். கட்டிப்பிடிக்கும் பட்டை அதில் இல்லாத வகைதான் அதிகம். ஆகவே ஒரு கை குழந்தையின் முதுகில் இருந்தே ஆகவேண்டும். சந்தைக்கும் பூங்காவுக்கும் சரி; படிக்கட்டுக்கும் வழுக்குப் பாறைக்கும் சரியில்லை. கொடிவேரி அணைக்குப் போனால் நீர் வழியும் பாறைப் பக்கம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எந்த வகையிலும் போகவேண்டாம். நாம் வழுக்கினால் குழந்தைதான் முதலில் அடிபடும். கரையில் உட்கார்ந்து மீன் வறுவல் வாசத்தோடு வேடிக்கை பார்த்துவிட்டு வரலாம்.

குலதெய்வம் கோவில் மொட்டைக்குப் போனபோது கேரியரும் இடுப்பும் சேர்ந்தே உதவின. காட்டுக்கு நடுவே கோவில், வண்டி நிறுத்திவிட்டு மண்பாதையில் நடை. வழியெல்லாம் கேரியர். மரத்தடியில் ஜமக்காளம் விரித்ததும் இறக்கிவிட்டேன். ஒரம்பரையாக வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் "இங்கே கொடு கண்ணு, நான் கொஞ்ச நேரம் வைத்திருக்கிறேன்" என்று கைநீட்டினார்கள். பத்துக் கை மாறிய குழந்தை பதினோராவது கையில் வீறிட்டு அழுதது. அப்போது கேரியரில் கட்டிக்கொண்டேன். "தூக்கம் வருகிறதுங்க, எழுந்ததும் தருகிறேன்" என்று சொன்னால் பெரியவர்கள் யாரும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்யாண மண்டபங்களிலும் இதே வழிதான். ஒரே ஒரு பொருள் வாங்க முடியும் என்றால், வெளியே போவதற்கு நான் கேரியரை எடுப்பேன். ஸ்ட்ரோலரை யாரிடமாவது கேட்டு வாங்கிக்கொள்வேன்.

பயணத்தில்தான் பணம்

பஸ்ஸா, ரயிலா, காரா, இருசக்கர வாகனமா என்ற தேர்வில் பாதுகாப்பின் வித்தியாசம் மிகப் பெரியது.

திருப்பூரிலிருந்து ஈரோட்டுக்கோ கோவைக்கோ போவதென்றால் என் முதல் தேர்வு ரயில். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு தனி இருக்கை கேட்காதவரை டிக்கெட் இல்லை. எழுந்து நடமாட இடம் இருக்கிறது. ஜன்னல் ஓரத்தில் நின்று மாட்டையும் தென்னந்தோப்பையும் பார்த்துக்கொண்டே வருவாள். கதவுப் பக்கம் மட்டும் போகவிடாமல் கூபேயின் உள்பக்கம் நாம் உட்காராமல், நடைவழிப் பக்கம் உட்கார்ந்து மறிக்கவேண்டும்.

கோபிக்கு ரயில் இல்லை, அரசு பஸ். தமிழ்நாடு அரசுப் பேருந்துகளிலும் 5 வயது வரை கட்டணம் கிடையாது, 2022-ல் அந்த வயதை உயர்த்தினார்கள். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கே 2021 முதல் கட்டணம் இல்லை. நடுப்பகுதி இருக்கையைப் பிடிப்பேன், குலுக்கல் குறைவு. பஸ் நிலையங்களில் 2015 முதல் தாய்ப்பால் ஊட்டும் அறைகள் இருக்கின்றன. இறங்கியதும் அது எந்தப் பக்கம் என்று கேட்டு வைத்துக்கொள்வது என் வழக்கம். தனியார் பஸ் வேகமும் பாட்டுச் சத்தமும் குழந்தைக்கு ஒத்துக்கொள்வதில்லை; கால்மணி நேரம் காத்திருந்தாலும் அரசு பஸ்ஸே மேல்.

இருசக்கர வாகனம் பற்றிப் பேசத்தான் எனக்கு மனம் பதறுகிறது. அவிநாசி சாலையில் காலை நேரத்தில் நின்று பாருங்கள். அப்பா ஓட்டுவார், முன்னால் ஒன்றரை வயதுக் குழந்தை ஸ்கூட்டர் தளத்தில் நிற்கும், பின்னால் அம்மா. அப்பா தலையில் ஹெல்மெட் இருக்கும், குழந்தை தலையில் ஒன்றும் இருக்காது. சடன் பிரேக் போட்டால் அந்தக் குழந்தையின் நெற்றி ஹேண்டில்பாரில்தான் மோதும். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2022-ல் வந்த திருத்தம் 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. 9 மாதம் முதல் 4 வயது வரை உள்ள குழந்தையை ஏற்றினால், ஓட்டுகிறவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டை வேண்டும், குழந்தைக்கு அளவான ஹெல்மெட் வேண்டும், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. அந்தப் பட்டை குழந்தை மாட்டும் சட்டை போன்றது, அதிலிருந்து வரும் தோள்வார்களை ஓட்டுகிறவர் மாட்டிக்கொள்வார், 30 கிலோ வரை தாங்கவேண்டும் என்பது விதி. விலை ஒரு வாக்கரின் விலைக்குப் பக்கத்தில்தான். ஆனால் சட்டம் 9 மாதத்தில் அனுமதிக்கிறது என்பதற்காக நான் 9 மாதத்தில் ஏற்றமாட்டேன். கழுத்து இன்னும் கெட்டிப்படாத வயதில் ஹெல்மெட்டின் கனமே பாரம். ஒரு வயது வரை பஸ்ஸோ ஆட்டோவோ, அதற்குப் பிறகும் தெரு முனைவரை மட்டும்தான் வண்டி.

கார் உள்ள வீடுகளில் நிலைமை இன்னும் வருத்தமாக இருக்கிறது. முன் இருக்கையில் அம்மா மடியில் குழந்தை. சேலம், கோவைத் தேசிய நெடுஞ்சாலையில் எத்தனை வேகத்தில் போகிறோம் என்று அனைவருக்கும் தெரியும். மோதும் நொடியில் பத்துக் கிலோக் குழந்தை அதன் எடையைப் போலப் பல மடங்கு விசையோடு முன்னே பாயும். எந்தத் தாயின் கையாலும் பிடிக்க முடியாது. ஏர்பேக் விரிந்தால் அதுவே குழந்தையை நசுக்கும். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின்படி 14 வயதுக்கு உட்பட்டவர்கள் சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் பயணித்தால் 1,000 ரூபாய் அபராதம். அபராதத்துக்குப் பயந்து வாங்கவேண்டிய பொருளும் இது இல்லை.

இருக்கையைக் காரின் பின்சீட்டில், பின்புறம் பார்த்து மாட்டவேண்டும். அப்போதுதான் மோதலின் அடி முதுகு முழுவதும் பரவும், கழுத்துக்கு இழுப்பு வராது. ஐரோப்பிய விதிகள் 15 மாதம் வரை பின்புறம் பார்த்து இருப்பதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. இருக்கையின் எடை அளவு இடம் கொடுக்கும்வரை அப்படியே வைத்திருப்பதுதான் நல்லது. கால் மடங்கி இருக்கிறதே என்று கவலைப்படத் தேவையில்லை, குழந்தைகளுக்கு அது சிரமமே இல்லை. துறுதுறுப்பான குழந்தை முதலில் வளைந்து நெளிந்து கத்தும். வீட்டு வாசலிலேயே கார் நிற்கும்போது தினமும் சற்று நேரம் உட்கார வைத்துப் பழக்கினோம், பிடித்த மரக் கிலுகிலுப்பையைக் கையில் கொடுத்தோம். திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவும், வால்பாறைக்கு ஏறும்போது 40 வளைவும் வரும். அங்கே மடியில் பிடித்து வைப்பதைவிட இருக்கையில் கட்டி வைத்தால் தலை ஆடாமல் இருக்கும். அழுதால் ஆழியாரில் நிறுத்தி, இறக்கி, ஓடவிட்டுவிட்டு மறுபடி கட்டுங்கள். பட்டையைக் கழற்றிவிட்டு ஓட்டிக்கொண்டே போவது மட்டும் வேண்டாம்.

வாடகைக் காரில் இருக்கை இருக்காது. சொந்த இருக்கையைக் கொண்டுபோய் மாட்டலாம், ஓட்டுநர்கள் பெரும்பாலும் ஒத்துழைப்பார்கள். அது முடியாத நாளில் ரயிலோ அரசு பஸ்ஸோ என்பதுதான் என் வரிசை.

புதிதா, சொந்தத்தில் கேட்டு வாங்கியதா?

நடைவண்டி, ஜமக்காளம், ஸ்ட்ரோலர், கேரியர் எல்லாம் பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. கேரியரில் தையலும் கொக்கியும், ஸ்ட்ரோலரில் பிரேக்கும் பட்டையும் சரியாக இருக்கின்றனவா என்று இழுத்துப் பாருங்கள், போதும். ஹெல்மெட்டும் கார் இருக்கையும் மட்டும் அப்படி இல்லை. ஒருமுறை மோதலில் சிக்கியவை வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும் உள்ளே வலுவிழந்திருக்கும். இருக்கையின் அடியில் தயாரித்த தேதியும் எத்தனை ஆண்டு பயன்படுத்தலாம் என்பதும் அச்சிட்டிருக்கும். அக்கா தம்பி வீட்டிலிருந்து, கார் எங்கும் மோதவில்லை என்று நிச்சயமாகத் தெரிந்து, தேதியும் தாண்டாமல் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். முன்பின் தெரியாதவர் விற்பது எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் கொண்டு வருகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. என்ன வேண்டும் என்று அண்ணன் கேட்டபோது வெள்ளிக் கொலுசும் வாக்கரும் வேண்டாம், கார் இருக்கை வாங்கிக் கொடு என்று நேராகவே கேட்டேன். கூச்சப்படவேண்டியதே இல்லை. கேட்பவர்களிடம் உங்கள் காரின் பெயரையும் ஆண்டையும், குழந்தையின் எடையையும் உயரத்தையும் சொல்லிவிடுங்கள். காரில் ஐசோஃபிக்ஸ் கொக்கி (குழந்தை இருக்கையை நேராக மாட்ட காரிலேயே பொருத்தியிருக்கும் கொக்கி) இருக்கிறதா, இல்லை சீட் பெல்ட்டால் கட்டும் வகை வேண்டுமா என்று முன்பே பார்த்து வையுங்கள். முடிந்தால் காரையே கடைக்கு எடுத்துக்கொண்டு போய், மாட்டி, அடிப்பாகத்தைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் ஆடினால் அந்த இருக்கை உங்கள் காருக்குப் பொருந்தவில்லை, வேறொன்றை எடுக்கச் சொல்லுங்கள்.